தூங்கும் சுரப்பி

"எங்கப்பனுக்கு அந்த ஹோம் நர்ஸ் விஷம் வெக்கறா. எனக்கு ஆதாரம் வேணும்" என்றான் டிஜோ. வந்த வேகத்தில் எங்கள் மின்விசிறியை முழு வேகத்துக்குத் திருகிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

வெளியே காஞ்சிரப்பள்ளி முழுக்க ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பல் தந்தியடித்தது. அவனுக்கோ நெற்றியில் வேர்வை. காரிலும் ஏசி, வீட்டிலும் ஏசி, பணக்கார உடம்புக்கு மழையும் போதாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் துப்பறியும் நிலையம் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. முதலாளி தோமாச்சன், செத்தவன் நிஜமாகவே செத்தானா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். நான் ஜிஷா, பி.எஸ்சி. வேதியியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் அப்பா, டிஜோ வீட்டைப் போன்ற வீடுகளின் தோட்டங்களில் ரப்பர் வெட்டுகிறவர். அதனால் டிஜோவைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டிஜோ ஒரு ஃபைலை மேஜைமேல் வீசினான். அவன் அப்பா அவிராச்சனின் ரத்தப் பரிசோதனைகள். அவிராச்சன் இப்போது இதயம் படபடத்து, எடை இறங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

தோமாச்சன் ஃபைலைப் பிரித்தார், மூடினார், என்னிடம் தள்ளினார். "டி.எஸ்.ஹெச்., டி3, டி4… ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருக்கு. மனுஷ பாஷையில சொல்லு."

"சாரே, ரப்பர் தோட்டம்னு வெச்சுக்குங்க. கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பிதான் பால் வெட்டறவன். அவன் இறக்கற பால்தான் டி3, டி4. மூளைக்கு அடியில ஒரு கங்காணி உக்காந்திருக்கான். அவன் போடற சத்தம்தான் டி.எஸ்.ஹெச். பால் குறைஞ்சா கங்காணி கத்துவான். பால் வழிஞ்சா வாயை மூடிப்பான்."

"அப்ப டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தா?"

"தைராய்டு குறைவு. டி.எஸ்.ஹெச். இறங்கியிருந்தா தைராய்டு ஜாஸ்தி. பாதிப் பேர் இதைத் தலைகீழாப் படிச்சுட்டுத்தான் லேப் வாசல்ல உக்காந்து அழறாங்க."

"நம்ம அவிராச்சனுக்கு?"

"கங்காணிக்குப் பேச்சு மூச்சே இல்ல. வாளி வழியுது."

"அப்ப வெட்டறவனுக்குப் பைத்தியம் புடிச்சுடுச்சு."

"டாக்டரும் மொதல்ல அப்படித்தான் நெனச்சிருக்காங்க. ஆனா ஸ்கேன் எடுத்துப் பாத்தா, வெட்டறவன் குறட்டை விட்டுத் தூங்கறான். சுரப்பி வேலையே செய்யல."

தோமாச்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தூங்கறவன் வாளியில பால் எப்படி வழியும்?"

"வெளியிலேருந்து யாரோ கொண்டாந்து ஊத்தறாங்க."

"ஊத்தறது யாருன்னு நான் சொல்றேன்!" டிஜோ சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டினான். தைராய்டு குறைந்தவர்கள் தினமும் காலையில் விழுங்குகிற மாத்திரை. "லிஜியோட பையில இருந்தது. அப்பனைப் பாத்துக்கத்தான் அவளை வெச்சோம். அவ வந்தா: ரிப்போர்ட் மோசம். நோன்பு சமயத்துல லீவுல போனா: ரிப்போர்ட் அருமை! நாங்க சர்ச்சுல புண்ணியவாளனுக்கு மெழுகுவர்த்திகூட ஏத்தினோம். ஈஸ்டர் முடிஞ்சு அவ திரும்பி வந்தா: மறுபடி மோசம். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அவளுக்கு உங்கப்பன்மேல என்ன கோபம்?"

"அப்பன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அவமேல எறிஞ்சுட்டார். கொஞ்ச நாளா அவருக்கு முன்கோபம் ஜாஸ்தி."

அதுவே தைராய்டு ஜாஸ்தியின் லட்சணம்தான். சொல்ல வாயெடுத்தேன். தோமாச்சன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே மோனே?"

"எனக்கென்ன ஆகும்? நான் இருக்கறது கோட்டயத்துல. ஞாயித்துக்கிழமை மட்டும் வருவேன். அப்பவும் அவ கை பட்ட தண்ணிகூடக் குடிக்கறதில்ல. அந்த மாதிரி ஆளுங்களை எங்க வெக்கணுமோ அங்க வெக்கணும்." பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். அதில் புதிதாக ஒரு ஓட்டை. "ஜிம்முக்குப் போறேன். நல்லாத்தான் சாப்பிடறேன், ஆனா பாருங்க, எப்படி இறங்கியிருக்கேன்!"

"ஜம்முனு இருக்கே" என்றார் தோமாச்சன்.

"நாளைக்கு எஸ்.ஐ.கிட்ட போறேன். அதுக்குள்ள அவ வாயாலயே ஒத்துக்க வையுங்க. அவளுக்கு ஜெர்மனியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. கேஸ் ஒண்ணு விழுந்தா ஜென்மத்துக்கும் விமானம் ஏற முடியாது."

அவன் போன பிறகு மின்விசிறியை நிறுத்தினேன். "இவனுக்காகவா நாம வேலை செய்யப் போறோம்?"

"உண்மைக்காக. பில்லு மட்டும் இவனுக்கு" என்றார் தோமாச்சன்.

* * *

லிஜி ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருந்தாள். இடுக்கி மலைப்பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். வேலையை விட்டுத் துரத்தியாயிற்று, கொலைகாரி என்று பட்டமும் கட்டியாயிற்று. ஆனாலும் கிழவருக்குக் கஞ்சி ஊட்ட வேறு நாதியில்லாததால் உள்ளே கூப்பிடுவார்களாம், ஊட்டி முடித்ததும் வெளியே அனுப்பிவிடுவார்களாம்.

"விஷம் வெக்கறவ கையாலயே கஞ்சி! உன்னைத் திட்டறதா, அவங்களைத் திட்டறதான்னு தெரியல" என்றேன்.

"ரெண்டு பேரையும் திட்டு. நேரம் போகும்" என்றாள் லிஜி. "அந்த மாத்திரை என்னோடதுதான். எனக்குத் தைராய்டு குறைவு. ஸ்கூல் படிக்கறப்பவே ஆரம்பிச்சது. அதை அவருக்குக் குடுத்தா எனக்கு யாரு குடுப்பா?"

அதில் விஷயம் இருந்தது. தன் மாத்திரையை அவருக்குக் கொடுத்திருந்தால் அவள் உடம்பில் பால் வற்றி, கங்காணி கூரை பிய்ந்து போகக் கத்தியிருக்க வேண்டும். அங்கேயே லேபில் அவள் ரத்தத்தை எடுக்கச் சொன்னோம். சாயந்திரத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிடும்.

"அது போதாது ஜிஷா" என்றார் தோமாச்சன். "மருந்துக்கடையில இன்னொரு அட்டை வாங்கினாள்னு சொல்லிடுவான்." லிஜியிடம் திரும்பினார். "நோன்புக்கு எங்கே போன?"

"கொச்சிக்கு. ஜெர்மன் பாஷை வகுப்பு, பரீட்சை. நோன்பு பூரா அங்கதான்."

"அந்த வீட்டுல நீ என்ன சாப்பிடுவே?"

"நானே பொங்கின கஞ்சியும் பயறும். சனிக்கிழமை மட்டும் அவிராச்சன் அப்பச்சன் தானே அடுக்களையில இறங்கி பீஃப் கட்லெட் போடுவார். அப்ப யாரையும் உள்ள விடமாட்டார். ஒரு டப்பா அவருக்கு, ஒரு டப்பா மகனுக்கு. எனக்கு வாசனை."

"ஒண்ணுகூடக் குடுக்க மாட்டாரா?" என்றேன்.

"எண்ணி வெச்சிருப்பார்."

எனக்குக் காதில் புகை வந்தது. தோமாச்சனோ லாட்டரியில் பரிசு விழுந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே அவிராச்சனின் அறைக்குள் போனார்.

அவிராச்சன் ஒரு காலத்தில் மலை மாதிரி இருந்திருப்பார். இப்போது தலையணையில் எலும்பும் மீசையுமாகக் கிடந்தார். போர்வைமேல் இருந்த விரல்கள் தந்தி அடிப்பதுபோல் நடுங்கின. வாய்க்கு மட்டும் எந்த நோயும் இல்லை.

"இந்தக் கஞ்சியை மனுஷன் குடிப்பானா? நீங்க யாரு, இன்னொரு டாக்டரா? போங்க!"

"டாக்டர் இல்ல அவிராச்சா, சாப்பாட்டு ரசிகன்" என்றார் தோமாச்சன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. "உங்க கட்லெட்டைப் பத்தி ஊரே பேசுதே."

கிழவரின் கண் திறந்துகொண்டது. "பேசும். கழுத்துக்கறி! தொடைக்கறியில போட்டா அது கட்லெட் இல்ல, செருப்பு. கழுத்துன்னா வாயில வெச்சாக் கரையும். சனிக்கிழமை கறிக்கடை பைலி மொதல் மாட்டோட கழுத்தைக் கொத்தி அனுப்புவான். இஞ்சி, பச்சை மிளகா, என் கையால…"

"நோன்புலயுமா?"

"சீ! என்னை என்னன்னு நெனச்சே? அம்பது நாளும் மீன் இல்ல, மாமிசம் இல்ல, முட்டை இல்ல. பயறும் பலாக்காயும்தான். ஈஸ்டர் அன்னிக்குக் காலையில சர்ச்சுலேருந்து வந்து மொதல் வாய் கட்லெட்!"

வெளியே வந்ததும் தோமாச்சன் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டார். "ஜிஷா, நோன்புக்கு அந்த வீட்டுலேருந்து லீவுல போனது லிஜி மட்டுமில்ல."

"வேற யாரு சாரே?"

"மாடு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாட்டுக்கும் கழுத்து உண்டு. கழுத்துக்குள்ளே… படித்த படிப்பெல்லாம் அப்போதுதான் தடதடவென்று மாடி இறங்கி வந்தது.

தோமாச்சன் அதற்குள் டிஜோவுக்குப் போன் போட்டிருந்தார். "மோனே, ஒரு சின்ன உபகாரம். கோர்ட்டுல காட்ட, அதே குடும்பத்துல ஆரோக்கியமான ஒருத்தர் ரத்தம் வேணும், ஒப்பிடறதுக்கு. ஜிம்முக்கெல்லாம் போற உடம்பு உன்னோடது…"

அரை மணி நேரத்தில் டிஜோ வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, லேப் பெண்ணிடம் "நல்லா எடுங்க, நம்மகிட்ட நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

* * *

பைலியின் கறிக்கடை அவிராச்சனின் ரப்பர் தோட்டத்து மூலையில், ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒரு நாய் சங்கிலியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணலாம். நாக்கு தொங்கியது. கறிக்கடை நாய்க்கு இப்படி ஒரு பஞ்சமா?

"தீனி போடறதில்லையா சேட்டா?" என்றேன்.

"போடறதெல்லாம் இது எங்க கொண்டு வெக்குதுன்னு தெரியல மோளே" என்றார் பைலி, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "மத்த மாடுங்களோட தொண்டைக் கழிவெல்லாம் இதுக்குத்தான். மூணு ஆள் தின்னறதைத் தின்னுது. ராத்திரி பகல் ஓட்டம். தூக்கமே கிடையாது."

நானும் தோமாச்சனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம்.

"அவிராச்சன் வீட்டுக்கு மட்டும் கழுத்து போகுதாமே?" என்றார் தோமாச்சன்.

"தரை அவங்களோடது சாரே. அவரோட அப்பன் காலத்துலேருந்து வழக்கம். மொதல் மாட்டோட கழுத்து தம்புரான் வீட்டுக்கு."

"ஏன் கழுத்து? நல்ல தொடையாக் கேட்டிருக்கலாமே?"

"அவங்க என்ன கேட்டாங்களோ யாருக்குத் தெரியும். எங்கப்பனுக்குக் குடுக்க மனசு வந்தது கழுத்துதான். தின்னு பழகி, அதுதான் உசத்தின்னு ஆயிடுச்சு." பைலி பல்லைக் காட்டினார்.

"மூச்சுக்குழல்ல ஒட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் செவப்பா ஒரு சதை இருக்குமே. அதை வெட்டி எறிஞ்சுடுவீங்களா?" இது நான்.

"காசு குடுக்கறவனுக்கு எறிவேன். அவங்க வீட்டுக்கு முழுக் கழுத்தாப் போனப்ப அவங்க அடுக்களையில பாத்து எறிஞ்சிருப்பாங்க. போன வருஷம் நான் கொத்தற மெஷின் வாங்கினேன். அதுலேருந்து கொத்தி அனுப்புன்னு உத்தரவு. ஓசிக் கறிக்கு உக்காந்து சுத்தம் பண்ண என் கத்திக்கு வேற வேலை இல்லையா? எல்லாத்தையும் சேத்து மெஷினுக்குள்ள தள்ளுவேன்." சட்டென்று கத்தியை நிறுத்தினார். "ஏன் சாரே? நான் ஒண்ணும் கலக்கலியே?"

"கலக்கல பைலி. இருக்கறதைக் குடுத்திருக்கீங்க. இன்னிக்கு ஒரு கழுத்து வேணும். கொத்தாம, சுத்தம் பண்ணாம, அப்படியே."

தேக்கிலையில் சுற்றிக் கொடுத்தார். தோமாச்சன் ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் மடியில் மாட்டுக் கழுத்தோடு நான் போனேன். அன்றுதான் துவைத்துப் போட்ட சுடிதார். பட்டதாரி ஆனதன் பலன்.

* * *

சாயந்திரம் அவிராச்சனைப் பார்க்கும் டாக்டர் நளினியின் அறையில் எல்லோரும் கூடினோம். டிஜோ பாஸ்போர்ட்டைக் கையில் தட்டிக்கொண்டே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். லிஜி சுவரோரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. நான் எழுந்து என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை. அதனால் நானும் நின்றேன். பாவம், அந்த நாற்காலி நடுவில் தனியாக நின்றது.

"மொதல்ல லிஜியோட ரத்தம்" என்றார் டாக்டர். "எல்லாம் அளவோட இருக்கு. தன்னோட மாத்திரையைத் தவறாம சாப்பிட்டிருக்கா."

"இன்னொரு அட்டை வாங்கியிருப்பா!" என்றான் டிஜோ. தோமாச்சன் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்று அர்த்தம்.

"சரி. அடுத்தது ஆரோக்கியமான ஆளோட ரத்தம்." டாக்டர் தாளை விளக்குப் பக்கம் நகர்த்தினார். நெற்றி சுருங்கியது. "டி.எஸ்.ஹெச். கிட்டத்தட்ட இல்லவே இல்ல. டி3, டி4 ரெண்டும் எகிறிப் போயிருக்கு. டிஜோ, இது உங்க அப்பாவோட ரிப்போர்ட் மாதிரியே இருக்கு."

"பேர் மாறியிருக்கும்."

"அதனாலதான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்திருக்காங்க. எங்க, கையை நீட்டுங்க."

நீட்டினான். டாக்டர் அவன் விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. அறையில் காற்றே இல்லை.

"மழையில வேர்வை" என்றார் தோமாச்சன் மெதுவாக. "நல்லாத் தின்னும் இளைக்கற உடம்பு. காலையில நீ எங்க மாடி ஏறி வந்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம். சரி, இப்ப சொல்லு மோனே. லிஜி கையால நீ என்ன சாப்பிட்டே?"

டிஜோ பாஸ்போர்ட்டால் விசிறிக்கொண்டான். சாப்பிட்டேன் என்றால் காலையில் பீற்றிக்கொண்டது பொய். சாப்பிடவில்லை என்றால் வழக்கே இல்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. பார்க்க எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று சொன்னால் பாவம் பிடிக்கும்.

"கட்லெட்டு!" என்று கத்தினான் திடீரென்று. "அப்பன் டப்பாவுல போட்டுக் குடுக்கற கட்லெட்டு! அதுலதான் மாத்திரையைக் கலந்திருக்கா!"

"பலே!" தோமாச்சன் கை தட்டினார். "கட்லெட்டுங்கறது வரைக்கும் சரியா வந்துட்டே. ஜிஷா, பொட்டலத்தைப் பிரி."

நான் தேக்கிலையை டாக்டரின் மேஜையில் விரித்தேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு கத்தியால் மெல்ல ஒதுக்கினார். மூச்சுக்குழலை இரண்டு பக்கமும் அணைத்தபடி கருஞ்சிவப்பாக ஒரு சதை. டாக்டர் நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"இது மாட்டோட தைராய்டு. மாத்திரை கண்டுபுடிக்கறதுக்கு முன்னால, தைராய்டு குறைஞ்சவங்களுக்கு இந்த மாதிரி சதையைத்தான் காயவெச்சுப் பொடி பண்ணிக் குடுத்தாங்க. வேகவெச்சாலும் பொரிச்சாலும் வீரியம் போகாது. இதையா சாப்பிட்டீங்க?"

"வாரா வாரம்" என்றார் தோமாச்சன். "தம்புரான் வீட்டுப் பங்கு. மெஷின் வந்த நாள்லேருந்து தைராய்டோட சேர்த்து. நோன்புல கறி நின்னுது, ரத்தம் சரியாச்சு. ஈஸ்டருக்குக் கறி வந்தது, ரத்தமும் ஏறிச்சு. லிஜி லீவுல போனதும் வந்ததும் கூடவே ஓடின நிழல். இன்னும் சந்தேகம்னா பைலி கடையில ஒரு நாய் இருக்கு. லிஜியை அது பாத்ததே கிடையாது. அதுவும் இதையேதான் தின்னுது, உன்னை மாதிரியே இளைச்சிருக்கு."

"அந்த வீட்டுல ரத்தம் சரியா இருக்கறது ஒரே ஒரு ஆளுக்கு" என்றேன் நான். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும். "ஒரு கட்லெட் குடுக்க மனசு வராம நீங்க எண்ணி எண்ணி வெச்சீங்களே, அந்த ஆளுக்கு."

டிஜோ பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தான். லிஜி அதை எடுத்துப் பக்கங்களைப் புரட்டி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துப் பையில் போட்டாள். மன்னிப்பு என்ற சொல் அவன் உதட்டு வரைக்கும் வந்தது. அந்த வீட்டு ஆட்களுக்கு அதைத் தாண்டிப் பழக்கமில்லை.

"எனக்கு… எனக்கு இப்ப என்ன ஆகும் டாக்டர்?"

"கழுத்துக்கறியை நிறுத்தினா சில வாரத்துல தானா இறங்கிடும். அதுவரைக்கும் இதயம் வேகமா ஓடும். ஜிம், ஓட்டம் எதுவும் வேண்டாம். படபடப்பு ஜாஸ்தியானா உடனே வாங்க. இருங்க, ஒரு இ.சி.ஜி.க்குச் சொல்லிட்டு வரேன்." டாக்டர் வெளியே போனார். தோமாச்சன், அவிராச்சனிடம் கட்லெட் மரணச் செய்தியைச் சொல்லும் துக்ககரமான கடமைக்காகக் கூடவே போனார்.

டிஜோ நாற்காலியில் சரிந்துவிட்டான். முகம் வெளுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசல் வரைக்கும் போன லிஜி நின்றாள். திரும்பி வந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"குதிரை மாதிரி ஓடுது. மாடிப்படி ஏறாதீங்க. லிஃப்ட்ல போங்க" என்றாள். அப்புறம்தான் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வாசல் படிக்கட்டில் எனக்குத் தாங்கவில்லை. "உனக்கு ரோஷமே கிடையாதா? கொலைகாரின்னு சொன்னவன், உன் கைத் தண்ணியே ஆகாதுன்னவன், அவனுக்குப் போய்ப் பல்ஸ் பாக்கறியே!"

லிஜி குடையை விரித்தாள். மழை இன்னும் விட்டபாடில்லை.

"பல்ஸ் பாக்கவா புடிச்சேன்? கையை இழுத்துக்கறானான்னு பாக்கப் புடிச்சேன்."

"இழுத்தானா?"

"கெட்டியாப் புடிச்சுக்கிட்டான் ஜிஷா. நான்தான் விடுவிச்சுக்கிட்டு வந்தேன்."